எதிரி நின்ற இடம்

"அசையாமல் நிற்கச் சொல்" என்றார் படக்காரத் துரை. குதிரையைத்தான் சொன்னார். தாண்டவன் அசைந்தால் என்ன, அசையாவிட்டால் என்ன, அவன் படத்தில் இல்லை. முதல் நாளே கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டிவிட்டார், குதிரை இதோ, குதிரைமேல் துரை இதோ, கடிவாள வார் துரையின் கையில் இருக்கும், நீ இங்கே வெறும் காற்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கெட்ட மனுஷன் இல்லை. சென்னப்பட்டணத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர், தமிழ் பேசுவார், வெற்றிலைகூடப் போடுவார். ஆனால் மூன்று நாளாகக் காற்றாக நிற்கிறவனுக்கும் கால் கடுக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பங்குனி வெயில் வாகைமரத்து இலைக்குள் புகுந்து தாண்டவனின் பிடரியில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. செவலைக் குதிரையின் கண்ணோரத்தில் ஒரு ஈ. அதை ஓட்டக் கை தூக்கினால் குதிரை தலையைத் திருப்பும், தலையைத் திருப்பினால் படக்காரர் ‘ச்சு’ என்பார், மேலே இருப்பவர் சாட்டைக் கம்பால் தாண்டவனின் தோளைத் தட்டுவார். இதுவரை நான்கு தட்டு. எண்ணவேண்டாம் என்றுதான் நினைத்தான், தோள் எண்ணிக்கொண்டது. மேலே இருப்பவர் லார்டு ஆல்டர்மோர், கர்னல், பிரபு, பாலாற்றங்கரையில் கூடாரம் அடித்திருக்கும் இந்த வெள்ளைக்காரக் குதிரைப்பட்டாளத்துக்கே எஜமான். ஏரிக்கரைச் சண்டையில் அவர் எதிரியை வென்றதைத்தான் படமாக எழுதுகிறார்கள். எட்டு அடி அகலம், கப்பலேறிச் சீமைக்குப் போய் அவருடைய மாளிகையில் தொங்கப்போகிறது. அந்த எதிரி யார் என்று இந்த மரத்தடியில் நிற்கிற நாலு உயிரில் மூன்றுக்குத் தெரியும். துரைக்குத் தெரியும். தாண்டவனுக்குத் தெரியும். செவலைக்குத் தெரியும். படக்காரருக்குத்தான் தெரியாது.

எதிரியாம். தாண்டவன் பல்லைக் கடித்தான், அது காதுக்குள் கேட்டது. முன்னங்காலுக்கு முன்னால் படத்தில் ஒரு வெற்றிடம் விட்டு வைத்திருந்தார் படக்காரர், அங்கே எதிரி வருவானாம், எதிரியைக் கடைசியில் எழுதலாம், இன்றைக்குத் துரையின் முகம் என்றார். முகத்துக்குத்தான் துரை இன்று காலையிலேயே வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஏறினார் என்று சொல்வது மரியாதைக்கு. பட்லர் ஞானாதிக்கம் ஒரு பக்கம், தாண்டவன் ஒரு பக்கம், நடுவில் முக்காலி, தூக்கி வைத்தார்கள். மயில்நீலக் கோட்டுக்குள் துரை இடுப்பை ஒடுக்கக் கச்சை கட்டியிருக்கிறார், எலும்பு வைத்துத் தைத்த கச்சை, அதைக் கட்டினால் குனிய முடியாது, இரண்டு ஆள் இல்லாமல் இறங்கவும் முடியாது. இந்த ரகசியம் லயனில் கைக்குழந்தைக்கும் தெரியும். குதிரைக்காரர்கள் குடியிருக்கிற அந்த மண் வரிசையில் துரையின் பூர்வோத்தரம் முழுக்கத் தெரியும், எல்லாம் ஞானாதிக்கம் கொண்டுவந்து கொட்டியது. ஏழு அக்காமார்களுக்குப் பின்னால் பிறந்த ஒரே ஆண்பிள்ளையாம். நூறு அறை இருக்கிற வீடாம், இவர் அழுதால் நூறு அறையிலும் ஆள் எழுந்து உட்காருவார்களாம். அழுதால் கிடைக்கும் என்று சின்னதில் பழகினவருக்குப் பெரிய வயதில் பணத்தை விட்டெறிந்தால் கிடைக்கும் என்று ஆனது. சீமையில் பட்டாளத்துப் பதவியை விலைக்கு வாங்கலாம், அதுதான் அவர்கள் சட்டம். முப்பது வருஷம் குண்டடி பட்டவன் கேப்டனாகவே கிழண்டு போவான், ஆல்டர்மோர் துரை ஒருநாள் காலைப் பலகாரம் முடித்து வாய் துடைக்கும்போது கர்னல் ஆகியிருப்பார். அப்படித்தான் ஆனார். போர்க்களத்தை அதுவரை அவர் சுவரில் மாட்டிய படத்தில்தான் பார்த்திருந்தார்.

முதலில் வாங்கிய பட்டாளத்தை அவரிடமிருந்து பிடுங்கினார்களாம். அணிவகுப்பில் கொட்டாவி விட்டான் என்று ஓர் அதிகாரியைப் பதினெட்டு நாள் அறையில் அடைத்து வைத்தார். அந்த ஆள் வெளியே வந்து நியாயம் கேட்க, துப்பாக்கியால் சுட்டுக்கொள்வோம் வா என்றார், சுட்டார், அவன் தொடை போயிற்று. விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாம் இவர் வீட்டில் விருந்து சாப்பிட்ட பிரபுக்கள். குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து இவருடன் சாப்பிடப் போனார்கள். பத்திரிகைக்காரன் எழுதினான், நாடகக் கொட்டகையில் இவர் வந்து உட்கார்ந்தால் ஜனங்கள் ‘ஊ’ என்று கத்தி நாடகத்தையே நிறுத்தினார்களாம். இதைக் கேட்டபோது தாண்டவனுக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது, அந்த ஊரிலும் மனுஷர்கள் இருக்கிறார்கள். கத்தினார்கள், அவ்வளவுதான். கத்திவிட்டு அவரைக் கப்பலேற்றி நம் தலையில் இறக்கிவிட்டார்கள். எந்த அக்காவின் புருஷனோ யாரிடமோ பேசி இன்னொரு பட்டாளம் வாங்கிக் கொடுத்தான், இந்தியாவில் இருக்கிற பட்டாளம், கண்ணுக்குத் தூரமாக. பியானோ வந்தது, பெட்டி பெட்டியாகச் சாராயம் வந்தது, சீமைப் புல்விதை மூட்டை வந்தது. இதோ மரத்துக்கு அந்தப் பக்கம், பங்களா முன்னால் பச்சைப் பாய் விரித்தது போல இருக்கிறதே, அந்த விதைதான். தினம் இருபது தோல்பை தண்ணீர் குடிக்கிறது. கால் வைத்தால் கசையடி. அதை வெட்டுகிறவன் காய்ச்சலில் படுத்துப் பதினைந்து நாளாகிறது, ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு மதமதவென்று வளர்ந்து நிற்கிறது. செவலை மூன்று நாளாக அதைத்தான் மோந்துகொண்டிருந்தது. மூக்கு விடைத்துச் சுருங்கியது. "ச்சு" என்றார் படக்காரர். ஐந்தாவது தட்டு.

நல்ல புல்லைக் கண்டால் அது அப்படித்தான். பழக்கி வைத்தவள் அப்படிப் பழக்கினாள். பட்டாளத்தில் ஒரு குதிரைக்கு இரண்டு பேர், தேய்க்க, கட்ட, கூட ஓடக் குதிரைக்காரன் ஒருத்தன், புல் கொண்டுவரப் புல்லுக்காரி ஒருத்தி, பெரும்பாலும் அவன் பெண்டாட்டியேதான். செவலைக்குத் தாண்டவன், தாண்டவனுக்குக் கன்னியம்மா. துரை அந்தக் குதிரைக்கு ஏதோ வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார். அவள் வைத்ததுதான் செவலை, அந்தப் பேருக்குத்தான் அது காது திருப்பியது. கோழி கூவக் கருக்கரிவாளும் கோணித்துணியுமாகப் போவாள். வெயில் ஏறுமுன் திரும்புவாள், தலையில் புல்கட்டு, தோள்வரைக்கும் வழியும், முகம் தெரியாது, கழுத்துக்குமேல் புல்லாகவே ஒரு பொம்பளை நடந்து வருவாள். நாலு வீதி தள்ளி வரும்போதே செவலை கனைக்கும். கட்டை இறக்கமாட்டாள். நேராகக் குதிரை முன்னால் வந்து நிற்பாள், அது தலையை நீட்டி அவள் தலைமேல் இருக்கிற கட்டிலிருந்தே முதல் வாயைப் பிடுங்கும். பிறகுதான் கட்டு கீழே இறங்கும். கழுத்து சுளுக்கிக்கும்டி, இறக்கிட்டுப் போடேன் என்று தாண்டவன் எத்தனை நாள் சொல்லியிருக்கிறான். இது இதுக்காகத்தானே சுமந்துனு வர்றேன், காத்துனு இருக்குதில்ல என்பாள். உள்ளங்கையில் கொப்புளம் போட்டதென்று அரிவாள் பிடியில் அவன்தான் சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்தான், துரையின் பழைய கொடித்துணியில் கிழிந்த துண்டு. இரண்டு முடிச்சு. இரண்டாவது முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். அந்தத் துணியின் உப்புருசி இப்போது நாக்கில் வந்தது.

மார்கழியில்தான். வடக்கே ஒரு ஜமீன்தார் கப்பம் கட்டமாட்டேன் என்று கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டான், அவனைப் பிடிக்கப் பட்டாளம் போனது, குதிரைக்காரர்களும் புல்லுக்காரிகளும் கூடவே. துரைக்குக் கால் தரையில் பாவவில்லை. இது ஒன்று கிடைத்தால் போதும், நாடகக் கொட்டகையில் கத்தினவன் எல்லாம் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவான். சீமைக்கு முன்கூட்டியே காகிதம் எழுதிவிட்டார், ஜெயித்துவிட்டேன் என்றல்ல, ஜெயிக்கப்போகிறேன் என்று. பன்னிரண்டு நாள் நடந்து போய்ப் பார்த்தால் கோட்டைக் கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் சாம்பல் ஆறிவிட்டது, ஜமீன்தார் மூன்று நாளைக்கு முன்னமே காட்டுக்குள் போய்விட்டான். துரை கதவை எட்டி உதைத்தார், கதவுதான் இருந்தது உதைக்க. மறுநாள் விடியலில் பனி. பக்கத்தில் நிற்கிற குதிரையின் வால் தெரியாத பனி. இருநூறு பேரை ஏறச் சொல்லி, எதிரியைத் தேடிக் கிளம்பினார். தாண்டவன் மாற்றுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான், அது குதிரைக்காரன் வேலை. ஏரி வந்தது. பனி கொஞ்சம் கலைந்த இடத்தில், கரைமேல் வரிசையாகத் தலைகள். பெரிய பெரிய தலைகள், ஒவ்வொன்றும் தலைப்பாகை நாலைச் சேர்த்துக் கட்டினாற்போல. இடுப்பில் எதுவோ பளிச் பளிச்சென்றது. லேசி துரை என்று ஒரு கேப்டன், இருபது வருஷம் இந்த மண்ணைத் தின்றவர், குதிரையைக் கிட்டே கொண்டுவந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிற்பாடு அவரே தாண்டவனிடம் தமிழில் சொன்னார், நம்ம புல்லுக்காரிங்க போலத் தெரியுது, வெளிச்சம் வரட்டும், ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கலாம்னு சொன்னேன். ஆல்டர்மோர் துரை கேட்டாராம், இந்தியாவில் நெடுநாள் இருந்தால் பயம் வந்துவிடும் போலிருக்கிறதே என்று. ஒரு வெள்ளைக்காரனை இன்னொரு வெள்ளைக்காரன் பயந்தாங்கொள்ளி என்றுவிட்டால் அதற்குமேல் பேச்சில்லையாம், அது அவர்கள் ஜாதி வழக்கம். லேசி துரை வாளை உருவிக்கொண்டு முன்னால் போனார். கொம்பு ஊதினது. மானம் கெட்டுப்போகாமல் இருக்க ஒருத்தர் போனார், மானம் திரும்பி வர ஒருத்தர் போனார், நடுவில் யார் நின்றார்கள் என்று எவனுக்குக் கவலை.

அவள் நடையை அவனுக்குத் தெரியும். பனியிலும் தெரியும். இடது தோள் கொஞ்சம் இறங்கி, வலது குதிகால் அழுத்தி, வரிசையில் மூன்றாவது. அவன் கத்தினான். கத்தினானா? வாய் திறந்தது ஞாபகம் இருக்கிறது, பனி தொண்டைக்குள் போனது ஞாபகம் இருக்கிறது, சத்தம் வந்ததா என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று எத்தனை ராத்திரி தன்னையே கேட்டிருக்கிறான். அவர்கள் ஓடவில்லை. ஓடியிருந்தால் ஏரிக்குள் இறங்கித் தப்பியிருக்கலாம். ஏன் ஓடுவார்கள், குளம்புச் சத்தம் கேட்டால் அது நம் குதிரைகள். துரைமார் குதிரை எதிரே வந்தால் ஒதுங்கி அசையாமல் நிற்கவேண்டும், பட்டாளத்துச் சட்டம். நின்றார்கள். எதிரிகள் ஓர் அடியும் பின்வாங்காமல் வீரத்துடன் நின்றார்கள் என்று துரை கவர்னருக்கு எழுதினாராம். ஞானாதிக்கம் இதை வந்து சொன்னபோது லயனில் ஒருத்தன் சிரித்தான், சிரித்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான். தாண்டவன் ஓடிப் போய்ச் சேரும்போது மற்றக் குதிரைகள் கரையைத் தாண்டிப் போயிருந்தன. செவலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. தலையைத் தாழ்த்தி மென்றுகொண்டிருந்தது. மேலே துரை வாரை இழு இழு என்று இழுக்கிறார், அது நகரவில்லை, கீழே கிடக்கிற புல்கட்டிலிருந்து ஈரப் புல், ஒரு வாய், இன்னொரு வாய். துரையின் வலது கையில் வாள் இருந்தது. அதன் நுனியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே பார்த்தான். கட்டுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, கண்ணாடி வளையல் மூன்று, பக்கத்தில் சிவப்புத் துணி சுற்றிய பிடி. துரையும் வளையலைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனி விலகினபோது பதினோரு பேர் கிடந்தார்கள், மத்தியானத்துக்குள் ஒரே குழி, சுண்ணாம்பு போட்டு மூடு என்று உத்தரவு. அரிவாள்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழுவினார்கள். எதிரியின் ஆயுதங்கள். இன்று மெஸ் பங்களாச் சுவரில் விசிறிபோல விரித்து மாட்டியிருக்கிறது.

அதோடு விட்டிருந்தாலும் தாண்டவன் நெஞ்சு இவ்வளவு எரியாது. இல்லை, எரிந்திருக்கும், ஆனால் துரையைப் பார்த்து மட்டும் எரிந்திருக்கும். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் ஆள் கணக்கு எடுத்தார்கள். சின்ன அதிகாரி ஒருத்தர் பேரேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கர்னலின் குதிரை என்பதால் முதல் பேர் கன்னியம்மா. ‘ஓடிப்போனாள்’ என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டுத் தாண்டவனைப் பார்த்தார், ஓடிப்போனாள்தானே. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், பெண்டாட்டியைக் குழியில் போட்ட பத்துப் பேர், எல்லார் கண்ணும் இவன் முதுகில். இல்லை என்றால் வேலை போகும், லயன் வீடு போகும், பொய் சொன்ன குற்றத்துக்குக் கசை என்று முந்தினநாளே காதில் போட்டிருந்தார்கள். வராந்தாவில் துரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, அதுதான். நிமிர்ந்து பார்த்திருந்தால் ஒருவேளை இல்லை என்று வந்திருக்குமோ என்னவோ. ஆமாம் துரை என்றான். ஆமாம். எவ்வளவு சுலபமாக வந்தது, வாய் அதற்கென்றே படைத்தது போல. ஏரிக்கரையில் வராத சத்தம் இங்கே கணீரென்று வந்தது. அதற்குப் பின்னால் பத்து ஆமாம், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் ஆளாக நின்ற இவன் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் பத்துப் பேரும் சொல்லியிருப்பார்கள், தை மாதம் முழுக்க அவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. லேசி துரை மட்டும் ஒருநாள் லாயத்துக்கு வந்து செவலையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். பதவியை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார். போனார். அவருக்குப் போக ஊர் இருக்கிறது.

பிறகு மச்சான் வந்தான், வேடியப்பன், கன்னியம்மாவின் அண்ணன். வாசலில்கூட உட்காரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்ததை அப்படியே கீழே ஊற்றினான். "எங்க பொண்ணு ஓடுறவ இல்ல. செத்தாள்னு வெச்சிக்கினாலும் அழுதுட்டுப் போவோம். கட்டினவன் நீயே ஆமாம்னு சொன்னியாமே, அதை எங்க போயி கழுவுறது?" என்றான். அவ்வளவுதான் பேசினான். ஆறு வயசுப் பெண் தெய்வானையின் கையைப் பிடித்தான், அந்த வாயிலேயே இல்லைன்னு நீ சொன்ன அன்னிக்கு வந்து கூட்டினு போ என்று சொல்லிவிட்டு நடந்தான். தெய்வானை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், அழவில்லை. அம்மா எங்க ஓடிப்போச்சு என்று அதற்கு முந்தின நாள்தான் கேட்டிருந்தாள், லயனில் பேரேடு வாசித்ததைக் கேட்ட குழந்தை. அவளுக்கும் அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதமாக அவள் அங்கே. இரண்டு மாதமாக அவன் துரையின் குதிரையைத் தேய்க்கிறான், துரை ஏறக் கையைக் கோத்துப் படி வைத்துக் கொடுக்கிறான், இதோ துரை வெற்றிவீரனாக உட்காரக் குதிரையைப் பிடித்துக்கொண்டு காற்றாக நிற்கிறான். தூ, நீயும் ஒரு ஆம்பளை. ஈ கண்ணோரத்திலிருந்து கண்ணுக்கு வந்துவிட்டது. தாண்டவன் ஊதினான். ஆறாவது தட்டு.

"போதும், முகம் ஆச்சு" என்றார் படக்காரர். கரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். துரை இங்கிலீஷில் ஏதோ சொல்ல, ஞானாதிக்கம் பங்களாவிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தான், மேலே பட்டுத்துணி. துணியை எடுத்தான். ஒரே ஒரு அரிவாள். சுவரில் இருந்த பதினொன்றில் அதுதான் பார்வையாக இருந்தது போலும், சிவப்புத் துணி சுற்றினது. இரண்டு முடிச்சு. ஞானாதிக்கம் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான், தாண்டவனைப் பார்க்கவில்லை. படக்காரர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பல் பல்லாக இருக்கிற விளிம்பில் விரலை ஓட்டினார், துரையிடம் ஏதோ கேட்டார். துரை சிரித்துவிட்டுச் சாட்டைக் கம்பால் தாண்டவனைக் காட்டினார். "துரை சொல்றார், நீயும் அந்தச் சண்டையிலே இருந்தியாம்" என்றார் படக்காரர். "உன்னைக் கேட்டா போதுமாம், நீ எப்பவும் சரியா சொல்ற ஆளாம். இது அந்த எதிரிங்க ஆயுதம்தானே?" நாக்கின் நுனியில் ஆமாம் வந்து உட்கார்ந்தது. அதற்கு வழி தெரியும், பழகின மாடுபோலத் தானாக வந்துவிடும். தாண்டவன் வாயை மூடிக்கொண்டான். பற்களுக்கு இந்தப் பக்கம் அதைப் பிடித்து வைத்தான். படக்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பதில் தெரிந்த கேள்விதானே. அரிவாளை அவன் கையில் கொடுத்தார். குதிரையைத் துரையே பிடித்துக்கொள்வார், நீ இதை எடுத்துனு வந்து முன்னங்காலடியில் படு, எதிரிக்கு வேற ஆள் எதுக்கு என்றார். செத்த மாதிரி வேண்டாம், சாகப்போகிற மாதிரி இருந்தால் போதும் என்றார்.

பிடி உள்ளங்கையில் பொருந்தியது. அவள் கை சின்னது, ஆனாலும் துணி அவள் பிடித்த இடத்தில் பள்ளம் விழுந்து கிடந்தது, அந்தப் பள்ளத்தில் அவன் விரல் போய் உட்கார்ந்தது. கழுவினவர்கள் பிடியைக் கழுவவில்லை. ஒரு நொடி தாண்டவனுக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, சிவப்பாக இருந்தது. துரையின் தொடை அவன் தோள் உயரத்தில் இருந்தது. வெள்ளைக் கால்சட்டை, உள்ளே நீலமாக ஒரு நரம்பு ஓடும், எங்கே ஓடும் என்று குதிரைக்காரனுக்குத் தெரியும். இறங்கி ஓட முடியாது, கச்சை. ஒரே இழுப்பு. புல் அறுக்கிற அதே இழுப்பு. பிறகு? பிறகு தூக்குமரம், அதுகூடப் பெரிதில்லை. வெறிபிடித்த குதிரைக்காரன் ஒருத்தன் வீரரைக் கொன்றான் என்று எழுதுவார்கள், இந்தப் படத்துக்குக் கீழே எழுதுவார்கள், எதிரிக்கு ஒரு முகம் கிடைத்துவிடும், கன்னியம்மா பேரேட்டில் ஓடிப்போனவளாகவே கிடப்பாள். தெய்வானை அந்த வாயிலிருந்து ஒன்றும் கேட்கமாட்டாள். அப்போது செவலை தலையைத் தாழ்த்தி அரிவாள் பிடியை மோந்தது. மெதுவாக, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து. பிறகு கழுத்தை நிமிர்த்தி, மெஸ் பங்களாவைத் தாண்டி, ஆற்றங்கரைப் பக்கம் பார்த்துக் கனைத்தது. காலையில் அவள் வருகிற பக்கம் அது.

தாண்டவன் படக்காரரைப் பார்த்தான். "எதிரி படுத்துக்கினு இல்ல துரை. எப்பிடி நின்னாங்கன்னு காட்டட்டுமா?" என்றான். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. காட்டு என்றார் படக்காரர், அவருக்குச் சந்தோஷம். தாண்டவன் கடிவாளத்தை விட்டான். நேராக நடந்து பச்சைப் புல்தரைக்குள் காலை வைத்தான், செருப்பில்லாத கால், மெத்தென்று இருந்தது. குந்தி உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தான். டேய் டேய் அது துரை புல்லுடா என்று ஞானாதிக்கம் அடிக்குரலில் பதறினான். மேலேயிருந்து துரை என்னவோ கேட்டார், படக்காரர் கையை உயர்த்திப் பொறுங்கள் என்பதுபோல ஏதோ சொன்னார். இடது கையால் பிடி, வலது கையால் இழு, அவள் செய்கிற மாதிரியே, ஓரத்திலிருந்து உள்ளே. தண்ணீர் குடித்துக் கொழுத்த புல், அறுக்க அறுக்க வாசனை ஏறியது. தலைப்பாகையை அவிழ்த்து விரித்தான், அள்ளிப் போட்டான், இறுக்கினான், தலையில் தூக்கிவைத்தான். நடந்து போய், படத்தில் வெற்றிடம் விட்டிருந்தாரே, அதற்கு நேரே, குதிரைக்கு இருபது தப்படி எதிரே, குதிரையைப் பார்த்தபடி நின்றான். துரைமார் குதிரை வந்தால் நிற்கவேண்டியதுபோல ஒதுங்கி, அசையாமல்.

உள்ளே இருட்டாக இருந்தது. பச்சை இருட்டு. கண்ணுக்கு முன்னால் புல், காதுக்குப் பக்கத்தில் புல், பிடரியில் குளிர்ந்த ஈரம் வழிந்தது. குனிந்தால் தன் கால் பெருவிரல் மட்டும் தெரிந்தது. இதுதான் அவள் பார்த்தது. வாளைப் பார்க்கவில்லை, துரையைப் பார்க்கவில்லை, அவன் ஓடிவந்ததையும் பார்க்கவில்லை, தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குளம்புச் சத்தம் கேட்டிருக்கும். இப்போதும் கேட்டது. டக், டக்டக், டக். செவலையின் நடையை ஆயிரம் குதிரையில் அடையாளம் கண்டுபிடிப்பாள் அவள். பயந்திருக்கமாட்டாள், இன்னும் விடியவே இல்லையே, அதுக்குள்ள பசி வந்துடுச்சா இதுக்கு என்றுதான் நினைத்திருப்பாள். கட்டைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக்கூடக் கொடுத்திருப்பாள். தாண்டவனுக்கு அழுகை வரவில்லை, அடிவயிற்றிலிருந்து கோபம் மட்டும் ஏறி ஏறி வந்தது. துரையின் குரல் உயர்ந்தது, வாரை இழுக்கிற சத்தம், சாட்டைக் கம்பு குதிரைத் தோலில் விழுகிற சத்தம், சேணம் முனகுகிற சத்தம். சூடான மூச்சு நெற்றியில் பட்டது. கட்டு ஒருதரம் வெடுக்கென்று ஆடியது. மேலே மெல்லுகிற சத்தம் கேட்டது.

மறுபடி கீறத் தொடங்கியிருந்த படக்காரரின் கரி நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் வந்து, புல்லுக்கு வெளியே நின்று, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலப் பேசினார். "எத்தனை பேர்?"

"பதினோரு பேர் துரை. எல்லாம் இந்தப் பட்டாளத்துப் புல்லுக்காரிங்க" என்றான் தாண்டவன். புல்லுக்குள்ளிருந்து சொன்னான், ஆனாலும் பங்களா வராந்தாவரைக்கும் கேட்கும்படி சொன்னான். "இந்தக் குதிரைக்குப் புல்லு போட்டவ என் பொண்டாட்டி. பேரு கன்னியம்மா. ஓடிப்போனாள்னு நான்தான் சொன்னேன். அவ ஓடிப்போகலை."

மேலே துரை இரண்டு கையாலும் வாரைப் பிடித்து இழுத்தார். ஞானாதிக்கத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஞானாதிக்கம் தட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். செவலை தின்று முடிக்கிறவரைக்கும் நகரவில்லை.